குழாய்க்கு ஏது கால்? ‘ரன்’ என்ற சொல்லின் கதை

அண்ணன் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன ஞாயிறு காலையில் ஆங்கில நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பத்து வாக்கியங்களைத் தமிழில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். ஆறாவது வாக்கியம், “தி டேப் இஸ் ரன்னிங்.” பையன் எழுதியிருந்தது, “குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது.” எழுதியதோடு விடவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு குழாய் வரைந்து, அதற்கு இரண்டு கால் போட்டு, காலில் ஷூவும் மாட்டிவிட்டிருந்தான்.

“சித்தப்பா, குழாய் எப்படி ஓடும்? மிஸ் தப்பா எழுதிப் போட்டுட்டாங்களா?”

“கொல்லையில குழாயைத் திறந்துவிட்டா என்னடா ஆகும்?”

“தண்ணி ஓடும்.”

“அதேதான்.”

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. தண்ணி ஓடுவது வேறு, பையன் ஓடுவது வேறு, குழாய் ஓடுவது மூன்றாவது என்று அவன் கணக்கு. ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம் என்று கேட்டான். நியாயமான கேள்வி. எனக்கே இந்தச் சொல் ரொம்ப நாள் படுத்தியிருக்கிறது. அவனுக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயமுறுத்தல். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அதிலேயே மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்குத்தான், 430க்கும் மேற்பட்ட பொருள்கள். அடுத்த பதிப்புக்காகத் திருத்தத் தொடங்கியதும் அந்த முதலிடம் ‘மேக்’ கைக்குப் போனது, அப்புறம் ‘புட்’ கைக்கு, கடைசியில் 2011 வாக்கில் ‘ரன்’ கைக்கு. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். அதைத் தொகுத்த பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளருக்கு அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் ஓடிப்போனது.

645ஐயும் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆங்கிலேயர்களும் செய்வதில்லை. நமக்கோ அவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. ‘ஓடு’ என்ற சொல்லை நாம் பிறந்ததிலிருந்து பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். தமிழில் ஓடுவதற்குக் கால் தேவையே இல்லை. ஆறு ஓடுகிறது, ஓடுவதால்தான் அது ஓடை. உடம்பில் ரத்தம் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது, தியேட்டரில் படம் நூறு நாள் ஓடுகிறது. ஆலமரத்து வேர் வீட்டு அஸ்திவாரம் வரை ஓடியிருக்கிறது, அதனால் சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது. மூன்று வருஷம் ஓடிப்போச்சு, இன்னும் வீட்டை யாரும் பழுது பார்க்கவில்லை. இந்த இடம் எல்லாவற்றிலும் ஆங்கிலத்திலும் ‘ரன்’ போட்டுப் பாருங்கள், அநேகமாக அப்படியே பொருந்தும். ஆறும் ரத்தமும் கடிகாரமும் படமும் விரிசலும் அங்கேயும் ஓடத்தான் செய்கின்றன.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. திருக்குறளில் இடனறிதல் அதிகாரத்தில் ஒரு குறள்: “கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து.” தேர் கடலில் ஓடாது, கப்பல் தரையில் ஓடாது. ஏழு சீருக்குள் மூன்று ஓட்டம், ஓடுவதில் ஒன்றுக்குக்கூட உயிர் கிடையாது. அதில் ‘கால்வல் நெடுந்தேர்’ என்பதில் வரும் கால் என்ன தெரியுமா? சக்கரம். வள்ளுவர் தேருக்குக் கால் கொடுத்திருக்கும்போது எங்கள் வீட்டுப் பையன் குழாய்க்குக் கொடுத்ததில் பெரிய குற்றமில்லை.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். ‘ரன்’ என்றதும் காலைத் தூக்கி வேகமாக ஓடும் மனிதனைத்தான் நாம் முதலில் நினைக்கிறோம், பள்ளிக்கூடத்துப் படம் அப்படி. அந்த மனிதனை மட்டுமே வைத்துக்கொண்டு மற்ற அர்த்தங்களை விளங்கிக்கொள்ளப் போனால் ஒவ்வொன்றும் முரண்டு பிடிக்கும். மனிதனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓடும் தண்ணீரை வையுங்கள். பாதிக்கு மேல் தானாக விளங்கிவிடும். இதை என் வசதிக்காகச் சொல்லவில்லை, சொல்லின் பிறப்பே கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது.

ஆங்கிலமும் ஜெர்மனும் டச்சும் சுவீடிஷும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் குடும்பத்தின் பழைய சொல் ‘ரின்னன்’ என்பது. கால் ஓடினாலும் அதுதான், தண்ணீர் ஓடினாலும் அதுதான். இன்றைய ஜெர்மனில் ‘ரின்னன்’ என்றால் தண்ணீர் வழிவது, சொட்டுவது, ஒழுகுவது மட்டுமே. கூரை ஓரத்தில் மழைநீர் வடிவதற்கு வைக்கிறோமே, அந்தத் தகர வாய்க்காலுக்கு ஜெர்மனில் ‘ரின்னே’ என்று பெயர். மனிதன் ஓடுவதற்கு அவர்கள் ‘ரென்னன்’ என்று இன்னொரு சொல் வைத்திருக்கிறார்கள். ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்துக்குப் பின்னால் இருக்கும் சங்கதி தமிழ் படித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், முதலில் இந்தச் சொல்லின் உச்சரிப்பு பட்ட பாடு.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்ற வடிவம் அபூர்வம். அதிகம் புழங்கியது ‘இர்னன்’, ‘இயர்னன்’ போன்ற வடிவங்கள். ‘ரி’யில் முதலில் நிற்கும் ர், உயிரெழுத்தோடு இடம் மாறிக்கொண்டு ‘இர்’ ஆகிவிட்டது. இதைக் கேட்டு ஆச்சரியப்படத் தேவையில்லை. நம் ஊரிலும் நடப்பதுதான். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்கள் ‘மருதைக்குப் போறேன்’ என்பார்கள். தசை சதையானதும், சிவிறி விசிறியானதும் இப்படித்தான், நன்னூல் படித்தவர்களுக்கு ‘இலக்கணப்போலி’ என்ற பெயர் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் பறவையைக் குறிக்கும் ‘பேர்ட்’ ஒரு காலத்தில் ‘பிரிட்’ ஆக இருந்தது. மூன்று ‘த்ரீ’, ஆனால் மூன்றாவது ‘தேர்ட்’ என்று ர் பின்னால் போய் நிற்பதும் இதே குரங்குச் சேட்டைதான்.

பிறகு ஒன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து வைக்கிங்குகள் வந்தார்கள். கொள்ளையடிக்க வந்தவர்களில் நிறையப் பேர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துக் குடியேறிவிட்டார்கள். அவர்கள் மொழியிலும் இதே சொல் இருந்தது, ‘ரென்னா’ என்று, ர் முன்னாலேயே நிற்க. பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசப் பேச ஆங்கிலேயர் வாயிலும் ர் மறுபடி முன்னால் வந்துவிட்டது. நடுக்கால ஆங்கிலத்தில் ‘ரென்னன்’, ‘ரின்னன்’ என்று எழுதினார்கள். இன்றைய ‘ரன்’ உருவானது அதற்கும் பின்னால்.

பள்ளியில் நாம் ராகம் போட்டுப் படித்த ‘ரன், ரேன், ரன்’ விஷயமும் இங்கேதான் இருக்கிறது. முதலாவதும் மூன்றாவதும் ஏன் ஒன்றாக இருக்கின்றன? ‘சிங், சேங், சங்’ என்பதையும் ‘பிகின், பிகேன், பிகன்’ என்பதையும் சொல்லிப் பாருங்கள். இ, ஏ, அ என்று உயிர் மாறுவது தெரியும். நம் சொல்லும் அதே வகுப்பு மாணவன்தான். ‘ரின், ரேன், ரன்’ என்றுதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் வடிவத்தின் உயிர் மெல்ல முதலாவதிலும் ஏறிக்கொண்டது, ‘ரின்’ மறைந்துபோய் இரண்டு பக்கமும் ‘ரன்’ ஆயிற்று. ஸ்காட்லாந்துக்காரர்களின் பேச்சில் இன்றைக்கும் ‘ரின்’ இருக்கிறது. ஒழுங்கற்ற வினை என்று ஆசிரியர்கள் பட்டியலில் தள்ளிவிடுகிற பல சொற்கள், உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு காலத்தில் ஒழுங்காக இருந்தவைதான்.

இனி அந்த ஒரு எழுத்து. ‘ரின்னன்’ என்றால் தானாக ஓடுவது. ‘ரென்னன்’ என்பதன் பழைய வடிவமான ‘ரன்னியன்’ என்றால் ஓடச் செய்வது. புரிகிறதா? ஓடு, ஓட்டு! நம் தன்வினையும் பிறவினையும். ஆடு ஆட்டு, கூடு கூட்டு என்று தமிழ் எப்படி ஒரு மெய்யை இரட்டித்துக் காரியத்தை முடிக்கிறதோ, அப்படி அவர்களும் உள்ளே ஒரு உயிரை மாற்றிக் காரியத்தை முடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் இந்த இரண்டும் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்து, அடையாளம் தெரியாமல் ஒரே ‘ரன்’ ஆகிவிட்டன. ஜெர்மனில் இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன, ஆனால் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் வேறு.

ஆங்கிலம் கற்கிற தமிழர் தடுமாறும் இடமும் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ‘தி பஸ் ரன்ஸ்’ என்றால் பஸ் ஓடுகிறது. ‘ஹி ரன்ஸ் எ பஸ்’ என்றால் அவர் பஸ்ஸில் ஓடவில்லை, பஸ்ஸாகவும் ஓடவில்லை, பஸ் ஓட்டத் தொழில் செய்கிறார். சொல் மாறவில்லை, பின்னால் ஒரு செயப்படுபொருள் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். ஆகவே ‘ரன்’ கண்ணில் பட்டால் உடனே அகராதியைப் பிரிக்காமல், ‘எதை?’ என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் அது ஓட்டு. பதில் இல்லையென்றால் ஓடு.

ஆனால் ஓட்டு என்று தெரிந்துகொண்டதும் எல்லா இடத்திலும் ‘ஓட்டு’ என்றே எழுதிவிட முடியாது. இங்கே தமிழ் ஆங்கிலத்தைவிட நுணுக்கமாக நடந்துகொள்கிறது. ‘ரன்ஸ் எ ஷாப்’ என்றால் கடை நடத்துகிறார். பள்ளிக்கூடம் நடத்துகிறார், பத்திரிகை நடத்துகிறார், பரிசோதனை நடத்துகிறார். ஆங்கிலேயர் ஓட்டுவதை நாம் நடக்க வைக்கிறோம். நட, நடத்து. இதே ‘ரன்’னுக்கு நாம் ஓட்டு என்று சொல்கிற இடமும் உண்டு, ஆனால் அப்போது தொனியே வேறு. எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருப்பவரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டால், நல்ல மாதத்தில் “நடக்குதுங்க” என்பார். சுமாரான மாதத்தில் “ஏதோ ஓடுதுங்க.” மோசமான மாதத்தில் “ஓட்டிக்கிட்டிருக்கேன்.” குடும்பம் நடத்துவதும் குடும்பத்தை ஓட்டுவதும் ஒன்றில்லை என்பது தமிழ் பேசும் எல்லோருக்கும் தெரியும். ஆங்கில ‘ரன்’னில் இந்தப் பெருமூச்சு கேட்காது. நிறுவனத்தை நிர்வகிப்பது என்ற இந்தப் பொருளே அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலாகத் தொடங்கியது.

19ஆம் நூற்றாண்டு என்றதும் சொல்ல வேண்டியது, இந்தச் சொல் இவ்வளவு பெருத்ததற்கு இயந்திரங்கள் ஒரு பெரிய காரணம். நீராவி இன்ஜின், ரயில், அச்சு இயந்திரம், அப்புறம் மோட்டார், குளிர்சாதனப் பெட்டி, கணினி என்று வந்த ஒவ்வொன்றும் வேலை செய்வதைச் சொல்ல ஒரு வினை தேவைப்பட்டது. புதிதாகப் படைக்காமல் பழைய ‘ரன்’னையே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் தன்னோடு ஒரு சுற்றம் கூட்டிவந்தது. ரயில் ஓடினால் அதற்கு நேர அட்டவணை, தாமதமாக ஓடுவது, இத்தனை மணிக்கு ஒரு முறை ஓடுவது. அச்சு இயந்திரம் ஓடினால் ‘பிரின்ட் ரன்’, அதாவது ஒரு முறை ஓட்டினால் எத்தனை பிரதி என்ற கணக்கு. புதிதாகச் செய்ததை ஓட்டிப் பார்ப்பது ‘ட்ரையல் ரன்’. இதற்குத் தமிழில் ஒரு அருமையான சொல் முன்னாலேயே இருக்கிறது. கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால், சாமியை ஏற்றாமல் முதலில் வெறும் தேரை இழுத்துப் பார்ப்பார்கள். அதுதான் வெள்ளோட்டம்.

எனக்கு இந்தச் சொல்லில் மிகப் பிடித்த மூலை பால் சமாச்சாரம். சீஸ் செய்யப் பாலை உறைய வைக்க வேண்டும், அதற்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். நம் உறைமோர் போல, ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. அதற்குப் பெயர் ‘ரென்னட்’. இங்கிலாந்தின் சில வட்டார வழக்குகளில் ‘ரன்னட்’ என்றே சொல்வார்கள். இந்தச் சொல்லும் ‘ரன்’னின் உறவுதான். ஓடுவதற்கும் உறைவதற்கும் என்ன சம்பந்தம்? பால் முழுக்கப் பரவிக் கிடப்பது ஓடிவந்து ஒன்றாகச் சேர்கிறது, கட்டியாகிறது, அதுதான். ஜெர்மனில் இப்போதும் பாலோ ரத்தமோ உறைவதற்கு ‘கெரின்னன்’ என்கிறார்கள், உள்ளே அதே ‘ரின்னன்’ உட்கார்ந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. “பால் திரிஞ்சுபோச்சு” என்கிறோமே. ஊர் ஊராகத் திரிகிறான் என்பதிலும் அதே ‘திரி’தான். இரண்டு மொழிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் பால் கெட்டதைச் சொல்ல நாம் ஒரு நடமாட்டச் சொல்லை எடுத்தோம், பால் உறைவதைச் சொல்ல அவர்கள் ஒன்றை எடுத்திருக்கிறார்கள். நம் சொல்லின் தர்க்கம் வேறு. திரிதல் என்றால் மாறுதல், தன்மை திரும்பிவிட்டது என்ற அர்த்தம். அவர்களுடையது ஓடிக் கூடுதல். அடுப்பின் முன்னால் நிற்கிறவருக்கு இரண்டும் ஒரே காட்சிதான், பாத்திரத்தில் தண்ணீர் தனியே, கட்டி தனியே.

எல்லா இடத்திலும் இப்படி நமக்குச் சாதகமாக அமையாது. ஆங்கிலம் ஓடுகிற சில இடங்களில் தமிழ் வேறு ஏதாவது செய்துகொண்டிருக்கும். சளி பிடித்தால் அவர்களுக்கு மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். புதுச் சட்டையை நனைத்தால் அங்கே சாயம் ஓடும், இங்கே சாயம் போகும். அவர்கள் காய்ச்சலை ஓட்டுவார்கள், ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்று. நமக்குக் காய்ச்சல் அடிக்கும், வெயில் அடிப்பதைப் போல. அங்கே சாலை ஓடும், இங்கே சாலை போகும். “இந்த ரோடு எங்க போகுது?” என்று கேட்டால் “அது எங்கயும் போகாது, இங்கயேதான் கிடக்கும்” என்று நக்கலாகப் பதில் சொல்லும் ஆள் எந்த ஊர் டீக்கடையிலும் ஒருவர் இருப்பார்.

ரொம்ப வேடிக்கையானது தேர்தல். அமெரிக்காவில் அதிபர் பதவிக்கு ஓடுகிறார்கள். பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்கு நிற்கிறார்கள், ‘ஸ்டாண்ட்’ என்பதுதான் அங்கே வழக்கு. நம் ஊரிலும் வேட்பாளர் நிற்பார், நின்று ஜெயிப்பார். ஜெயித்த பிறகு தொகுதிப் பக்கம் காணாமல் ஓடுவதைப் பற்றி இங்கே பேசவில்லை. இயந்திர மொழிபெயர்ப்பில் சில சமயம் “அவர் அதிபர் பதவிக்காக ஓடுகிறார்” என்று வரும். படிக்கும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடுவது போலத்தான் எனக்குத் தோன்றும்.

அப்புறம் ‘ரன் அவுட்’. கிரிக்கெட்டில் ஒரு அர்த்தம், சமையலறையில் ஒரு அர்த்தம். ‘வி ரேன் அவுட் ஆஃப் சுகர்’ என்றால் சர்க்கரை தீர்ந்துபோச்சு. இதையும் தண்ணீரை வைத்தே பிடித்துக்கொள்ளலாம். பானையில் ஓட்டை, உள்ளே இருந்ததெல்லாம் ஓடி வெளியே போய்விட்டது, மிச்சம் ஒன்றுமில்லை. இப்படி ஒரு படம் மனதில் இருந்தால் ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’ என்பதற்கும் தனியாக அர்த்தம் தேட வேண்டாம். ‘ரன் ஓவர்’ என்றால் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிவது, கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி நீள்வது. அதே சொல்தான் வண்டி ஒருவர் மேல் ஏறிவிடுவதற்கும். கவனமாகப் பார்த்து எடுக்க வேண்டிய இடம் இது.

‘ரன்’னுக்குப் பின்னால் ஒரு பண்புச்சொல் வந்து நின்றால் ஓட்டம் கிட்டத்தட்ட கரைந்தே போய்விடும், ‘ஆகிவிட்டது’ என்பது மட்டும் மிஞ்சும். கிணறு ‘ரன் ட்ரை’ என்றால் வற்றிவிட்டது. பணம் ‘ரன் ஷார்ட்’ என்றால் தட்டுப்பாடு. ‘ரன்னிங் லேட்’ என்று நண்பர் செய்தி அனுப்பினால் அவர் ஓடிவருகிறார் என்று அர்த்தமில்லை, தாமதமாகிறது என்றுதான். என் அனுபவத்தில் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை என்று அர்த்தம்.

கிரிக்கெட்டை விட்டுவிட்டால் பையன் கோபித்துக்கொள்வான். நாம் ‘ரன்’ என்ற சொல்லை முதலில் கேட்டதே அங்கேதானே. மட்டையடிப்பவர்கள் இரண்டு விக்கெட்டுக்கும் இடையே 22 கஜத்தை ஓடிக் கடந்தால் ஒரு ரன். ஆனால் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதற்கு ‘நாட்ச்’ என்றுதான் பெயர் சொன்னார்கள், அதாவது வெட்டு. கணக்கு வைப்பவர் கையில் ஒரு குச்சி இருக்கும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவார். பால்காரர் சுவரில் கரிக்கோடு போட்டதைப் போல. பிற்பாடு குச்சி போய் நோட்டு வந்தது, வெட்டு போய் ‘ரன்’ என்ற பெயர் நிலைத்தது. இப்போது பந்து எல்லைக் கோட்டுக்கு வெளியே போனால் யாரும் ஓடாமலேயே நான்கோ ஆறோ ரன் கொடுக்கிறார்கள். ஓடாத ஓட்டம்! தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘ரன்கள்’ என்று எழுதுகின்றன, இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ‘ஓட்டங்கள்’. எனக்கு இரண்டாவதுதான் காதுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் தெருவில் விளையாடும் பையன்களிடம் போய் “எத்தனை ஓட்டம்?” என்று கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஓடாத ஓட்டத்தைப் போல, ஓடுவதாக ஏமாற்றும் பெயர்களும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861ஆம் ஆண்டு ஜூலையில் வர்ஜீனியாவில் ‘புல் ரன்’ என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. முதன்முதலில் படித்தபோது நான் ஏதோ மஞ்சுவிரட்டு மாதிரி, காளைகள் ஓடிய இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ‘ரன்’ என்றால் அந்தப் பக்கத்தில் ஓடை. அது ஒரு சிற்றோடையின் பெயர். ஓடு, ஓடை, ரன், ரன். வடக்குப் படை போர்க்களங்களுக்குப் பக்கத்து நீர்நிலையின் பெயரை வைத்தது, தெற்குப் படை பக்கத்து ஊரின் பெயரை வைத்தது, அதனால் தெற்கில் அதே சண்டைக்கு ‘மனாசஸ்’ என்று பெயர். தோற்ற வடக்குப் படை வாஷிங்டனைப் பார்த்து ஓடியதும் உண்மை, ஆனால் பெயர் வைத்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை.

‘ரன் தி காண்ட்லெட்’ என்ற தொடரில் ஏமாற்றுவது ‘ரன்’ அல்ல, பக்கத்தில் இருப்பவர். நாலா பக்கமும் அடியும் ஏச்சும் வாங்கிக்கொண்டு கடந்துபோவதை அப்படிச் சொல்வார்கள். காண்ட்லெட் என்றால் போர்வீரனின் இரும்புக் கையுறை. கையுறையை எப்படி ஓடுவது? உண்மையில் அது சுவீடிஷ் சொல். ‘காட்லொப்’ என்பது அதன் மூலம், ‘காட்டா’ என்றால் தெரு, ‘லொப்’ என்றால் ஓட்டம். தப்புச் செய்த சிப்பாயை, இரண்டு வரிசையாகக் கம்போடு நிற்கும் சக சிப்பாய்களுக்கு நடுவே ஓடவிடுவார்கள். 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போர்க் காலத்தில் இந்தத் தண்டனையும் சொல்லும் ஆங்கிலத்துக்கு வந்தன. வாயில் நுழையாத அந்தச் சொல்லை ஏற்கெனவே தெரிந்த கையுறையாக்கிவிட்டார்கள்.

பையனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. பால் கதையோடு அவன் எழுந்து போய்விட்டான். சாயங்காலம் அவன் அக்கா லேப்டாப்பில் ஏதோ ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தாள், கல்லூரியில் கணினிப் படிப்பு. பையன் பக்கத்தில் உட்கார்ந்து பட்டனைத் தட்டினான். திரையில் சிவப்பாக நான்கு வரி வந்தது.

“அக்கா, நான் ரன் பண்ணிட்டேன். ஆனா ரன் ஆகலை.”

ரன் பண்ணு, ரன் ஆகு. பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலம் கலந்துவிட்ட ‘ஓட்டு’, ‘ஓடு’ இரண்டையும் அவன் ஒரே மூச்சில் பிரித்து வைத்துவிட்டு, இட்லிக்குச் சட்னி என்ன என்று கேட்க அடுப்படிக்குப் போய்விட்டான்.